உப்புக்குக் கட்டம் இல்லை

கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் பேச என்னை அழைத்தவர்கள், உற்சாகம் தரும்படி ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். முப்பது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருந்தவள் நான். வீட்டில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். அப்படி ஒன்றும் அகப்படவில்லை. அதனால் நடந்ததைச் சொல்கிறேன். சல்லடைகளை எப்படி அடுக்குவது, எவ்வளவு நேரம் குலுக்குவது என்பதைச் சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். இப்போது அதை மின்சாரமே குலுக்கிவிடுகிறது. எங்களுக்குத் தோள்பட்டை வலித்தது.

அறுபதுகளின் கடைசியில் வேலைக்குச் சேர்ந்தேன். வேதியியல் படித்திருந்தேன். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்த அப்பா பக்கவாதத்தில் விழுந்திருந்தார். எனக்குக் கீழே இரண்டு தம்பிகள், படித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் சம்பாதிப்பவள் நான் ஒருத்திதான். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும். இதைச் சாக்காகவும் சொல்லியிருக்கிறேன், பல முறை, எனக்கு நானே.

தேனாம்பேட்டையில் ஒரு பழைய பங்களாவின் பின்கட்டில் எங்கள் சோதனைக்கூடம். அங்கே ஏழு பித்தளைச் சல்லடைகள். மேலே பெரிய கண், கீழே போகப்போகச் சின்னக் கண். மணலைக் கொட்டிக் குலுக்கி, எந்தத் தட்டில் எவ்வளவு தங்கியது என்று நிறுத்துப் படிவத்தில் எழுத வேண்டும். எண்கள் வரம்புக்குள் இருந்தால் மணல் தேறியது. கீழே என் கையெழுத்து, அதற்கும் கீழே எங்கள் அதிகாரியின் கையெழுத்து.

அந்த அதிகாரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கெட்டவர் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. பெண் என்பதற்காக என்னை மேஜையோடு கட்டிப்போடாமல், கட்டடம் நடக்கும் இடத்துக்கே போய் மணல் எடுத்து வா என்று அனுப்பியவர் அவர்தான். "பார்த்ததை எழுது. எழுதினதை மட்டும் பேசு" என்பார். அது நேர்மையின் இலக்கணம் என்று நெடுநாள் நம்பினேன்.

நான் சேர்ந்த மறு வருடம் ஐப்பசி மழையில் அடையாற்றங்கரைக் குடிசைகள் வரிசை வரிசையாகப் போயின. அந்தக் குடும்பங்களைச் சைதாப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அடைத்துவைத்திருந்தார்கள். அவர்களுக்கென்று அடையாறுக்கும் திருவான்மியூருக்கும் நடுவே மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்று ஏற்கெனவே எழும்பிக்கொண்டிருந்தது. மேல் மாடிக்குக் கூரை போடுவதுதான் பாக்கி. மழையில் பாலாற்று மணல் லாரிகள் வரவில்லை. ஒப்பந்தக்காரர் வேறெங்கிருந்தோ மணல் கொண்டுவந்து குவித்திருந்தார்.

நான் போனபோது ஒரு பெண் அந்த மணலைச் சலித்துக்கொண்டிருந்தாள். சாய்த்து நிறுத்திய கம்பிச் சல்லடையில் மண்வாரியால் அள்ளி அள்ளி வீசினாள். சாரத்துக் கழியில் கட்டிய சேலைத் தூளியில் ஒரு கைக்குழந்தை. ஐந்து வயதுப் பெண் ஒருத்தி ஜல்லிமேல் உட்கார்ந்து தூளிக் கயிற்றை ஆட்டிக்கொண்டிருந்தாள். சலித்தவள் பெயர் தேசம்மா. அவளுக்கு என் வயதுதான் இருக்கும். பெரியவள் செல்வி, சின்னவள் மல்லிகா. அவர்களும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் தங்கியிருந்தார்கள்.

நான் துணிப்பையில் மணலை அள்ளுவதைப் பார்த்துவிட்டு அவள் கையை நிறுத்தினாள்.

"யம்மா, டெஸ்ட்டுக்கா எடுத்துகினு போற?"

"ஆமா. ஏன்?"

"இத்த ஒரு கிள்ளு வாய்ல வச்சுப் பாரு."

நான் தயங்கினேன். அவள் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். விரலிடுக்கெல்லாம் வெடிப்பு, ஓரங்கள் சிவந்திருந்தன.

"மூணு நாளா சலிச்சுகினு கீறேன். வெடிப்புல பட்டா எரியுது. பாலாத்து மணலு எரியாது. இது மொகத்துவாரத்து மணலும்மா. கடலு."

மேஸ்திரி ஏழுமலை அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார். "தேசம்மா, உனுக்கு இன்னாத்துக்கு அந்தப் பேச்சு? அவுங்க படிச்சவங்க. அவுங்களுக்குத் தெரியாததா?"

நான் வாயில் வைத்துப் பார்த்தேன். கரித்தது.

அன்று மாலை சல்லடையில் அந்த மணல் அழகாகத் தேறியது. அவ்வளவு ஒழுங்கான மணலை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒவ்வொரு தட்டிலும் தங்க வேண்டியது தங்கியது, இறங்க வேண்டியது இறங்கியது. கல்லூரியில் படித்த நினைவில், கொஞ்சம் மணலைத் தண்ணீரில் கலக்கித் தெளியவைத்து, அலமாரியில் இருந்த வெள்ளி நைட்ரேட்டை இரண்டு சொட்டு விட்டேன். தயிர் திரிவதுபோல வெள்ளையாகத் திரிந்தது. அவ்வளவு உப்பு. உப்பு சேர்ந்த காங்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்கும், துருப்பிடித்த கம்பி ஊதும், ஊதினால் மேலே இருப்பதைப் பிளந்து தள்ளும். இது எனக்குத் தெரியும். என் குறிப்பு நோட்டில் எழுதிக்கொண்டு அதிகாரியின் அறைக்குப் போனேன்.

அவர் படிவத்தை என் பக்கம் திருப்பிவைத்தார்.

"உப்புக்கு இதுல கட்டம் எங்கம்மா இருக்கு?"

"இல்ல சார். ஆனா..."

"கிளம்பு. ஒரு இடத்துக்குப் போயிட்டு வருவோம்."

ஜீப்பில் சைதாப்பேட்டைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போனார். ஒரு வகுப்பறைக்கு ஏழெட்டுக் குடும்பம். பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கி, சேலைகளைத் தடுப்பாகக் கட்டியிருந்தார்கள். கரும்பலகையில் பாதிக் கணக்கு அழியாமல் இருந்தது. அதற்குக் கீழே ஒரு குழந்தை பேதியில் துவண்டு கிடந்தது. அதன் அப்பா அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். அந்த வாரத்தில் இரண்டு குழந்தைகள் போய்விட்டதாக வாசலில் ஒருவர் சொன்னார்.

ஜீப்புக்குத் திரும்பியதும் அதிகாரி சொன்னார்: "இந்த மணலைத் திருப்பி அனுப்பிட்டா, வேற மணல் வந்து கூரை போட்டு முடிக்கத் தை மாசம் தாண்டிடும். அதுவரைக்கும் இவங்க இங்கதான். கூரை பத்து வருஷம் கழிச்சு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. இங்க நாளைக்கு என்ன ஆகும்னு தெரியும். நீயே சொல்லு, என்ன பண்ணலாம்?"

அவர் நடிக்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. உங்களில் யாரும், எனக்கு அங்கே பதில் தெரிந்திருக்கும் என்று சொல்லிவிட வேண்டாம். இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நான் ஒரு நடுவழி கண்டுபிடித்தேன். படிவத்தின் ஓரத்தில், "கழுவிய பின் பயன்படுத்துக" என்று எழுதினேன். அதிகாரி பார்த்துவிட்டு, "சரி. காரணம் எழுத வேண்டாம்" என்றார். இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

கட்டடத்துக்குத் தண்ணீர் வந்தது அங்கே தோண்டிய ஒரே கிணற்றிலிருந்து. அந்தத் தண்ணீரை நான் குடித்திருக்கிறேன், துப்பியிருக்கிறேன். கரிக்கிற அந்தத் தண்ணீரில் கழுவினாலும் உப்பு போகாது. இதுவும் தெரிந்தேதான் எழுதினேன். எழுதிய கையோடு என் மனசு லேசாகிவிட்டது. இந்த வேலையில் நீங்கள் மிகவும் பயப்பட வேண்டியது அந்த லேசைத்தான். கழுவினார்களா என்று போய்ப் பார்க்க ஒரு பேருந்துப் பயணம் போதும். நான் போகவில்லை.

ஒரு மாதம் கழித்து, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னை வேறொரு வேலைக்கு இரவல் வாங்கிக்கொண்டார்கள். வீடு யாருக்கு என்று பட்டியல் போடுகிற வேலை. வந்திருந்த குடும்பங்களுக்குத் தகுந்தாற்போல் வீடுகள் இல்லை. ஆகவே கழிக்க வேண்டியிருந்தது. ரேஷன் கார்டு உண்டா, வாக்காளர் பட்டியலில் பெயர் உண்டா, குடிசைக் கதவில் எழுதிய எண் என்ன, இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டுக் கழித்தோம். வெள்ளத்தில் குடிசையோடு கார்டும் கதவும் போனவர்களிடம் இதைக் கேட்டோம். மிச்சமாக இருந்த எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டுத் தலையில் சுமந்து வந்த கிழவர் ஒருவர், பெட்டியைத் திறந்து ஒவ்வொரு காகிதமாக எடுத்துக் காட்டினார். எல்லாம் ஊறிக் கூழாகியிருந்தன. அவரைக் கழித்தது நான்தான்.

தேசம்மா வந்து நின்றாள். கார்டு புருஷன் பெயரில். அவன் வேறொருத்தியோடு பெங்களூர்ப் பக்கம் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது, கார்டும் அவனோடு. விதிப்படி அவளும் கழிய வேண்டியவள். எனக்கு மனசு கேட்கவில்லை. மேஸ்திரி ஏழுமலையை வரவழைத்து, இவள் ஆற்றங்கரையில்தான் குடியிருந்தாள் என்று ஒரு சாட்சிக் காகிதத்தில் கைநாட்டு வாங்கி, அவள் பெயரைச் சேர்த்தேன்.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "யம்மா, எனுக்கு மேல் மாடில குடு. தண்ணி அம்மாந்தூரம் ஏறி வராதுல்ல?"

அந்தக் கூரை எந்த மணலில் போட்டது என்று அந்த நிமிடம் எனக்குத் தோன்றியதா? தோன்றியது. கீழ் வீட்டை எடுத்துக்கொள் என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பாள். மேல் மாடி என்று எழுதினேன்.

அதற்கப்புறம் ஏழெட்டு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. தம்பிகள் படித்து முடித்தார்கள். அப்பா இருந்தபடியே இருந்தார். எனக்குப் பதவி உயர்வு வந்தது. எங்கள் அதிகாரி ஓய்வு பெற்றார். ஒருநாள் மயிலாப்பூர் மாட வீதியில் காய் வாங்கும்போது தேசம்மாவைப் பார்த்தேன். கையில் பாகற்காய்க் கூறு. செல்வி எட்டாவது படிக்கிறாள் என்றாள். அப்புறம், போகிற போக்கில், "மேல பூச்சு பேத்துகினு உயுதும்மா. உள்ள கம்பி தெரியுது. செவப்பா கீது" என்றாள்.

"மனு எழுதிக் குடு" என்றேன்.

"ரெண்டு தபா குடுத்தாச்சு."

"இன்னொரு தபா குடு. நானும் சொல்லிப் பார்க்கறேன்."

சொன்னேனா? சொல்ல வேண்டிய பிரிவு எது என்று விசாரித்தேன். அது எங்கள் பிரிவு இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டேன்.

நாலு மாதம் கழித்து, பள்ளிக்கூடம் விடுமுறையான ஒரு மத்தியானம், மேல் மாடியில் கூரையின் ஒரு பாகம் பெயர்ந்து விழுந்தது. தேசம்மா தி. நகரில் வேறொரு கட்டடத்தில் வேலையாக இருந்தாள். மல்லிகா கீழே தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். செல்வி பாயில் படுத்திருந்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. நான் போய்ப் பார்க்கவில்லை. பார்த்த எங்கள் ஊழியர் ஒருவர் விழுந்த துண்டுகளைச் சோதனைக்காகச் சாக்கில் கொண்டுவந்து என் மேஜைக்குப் பக்கத்தில் வைத்தார். கம்பி விரலால் நெருடினால் செதில் செதிலாக உதிர்ந்தது.

விசாரணை வைத்தார்கள். அதற்கு முதல்நாள் எங்கள் பழைய அதிகாரி மயிலாப்பூர் வீட்டுக்கு வந்தார். அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவரிடம் நலம் விசாரித்தார். கிளம்பும்போது வாசலில் நின்று, "நீ ஓரத்துல எழுதினது உன்னைக் காப்பாத்தும். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாத. உன்னை நம்பி இத்தனை பேர் இருக்காங்க" என்றார். அவரை நம்பியும் ஒரு வீடு இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

மறுநாள் அந்தக் குறிப்பு நோட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். எடுத்துக் கொடுத்துவிடுவது என்று பேருந்தில் முடிவு செய்திருந்தேன்.

மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒப்பந்தக்காரர் வரவில்லை. அவருடைய நிறுவனமே இப்போது வேறு பெயரில் இருப்பதாகச் சொன்னார்கள். தேசம்மா சுவரோரம் நின்றிருந்தாள். சம்பவத்தன்று அவள் கொடுத்திருந்த வாக்குமூலத்தை ஒருவர் படித்தார். மணல் கரிக்கிறது என்று சோதனைக்கு வந்த அம்மாவிடம் அப்போதே சொன்னேன், என்று அதில் இருந்தது.

அவர் என்னைப் பார்த்தார். "அந்த மணலை எடுத்தது நீங்கதானே? இந்தம்மா உங்ககிட்ட அப்படிச் சொன்னாங்களா?"

கைப்பைக்குள் நோட்டின் அட்டை என் விரலில் பட்டது.

"எனக்கு ஞாபகம் இல்லை சார்."

அவர் தேசம்மா பக்கம் திரும்பினார். "நீ சொன்னது இவங்ககிட்டயா? நல்லாப் பார்த்துச் சொல்லு."

அவள் பார்த்தாள். நான் தலையைக் குனியவில்லை. குனிந்தால் தெரிந்துவிடும் என்று பயம்.

"இவங்க இல்ல சார்" என்றாள். "இவங்க எனுக்கு வூடு குடுத்தவங்க. அது வேற யாரோ."

அடுத்து ஏழுமலையைக் கூப்பிட்டார்கள். என் படிவத்தை அவர் முன்னால் வைத்தார்கள். "கழுவிய பின் பயன்படுத்துகன்னு தெளிவா எழுதியிருக்கே. ஏன் கழுவல?"

"எனுக்குப் படிக்கத் தெரியாது சார். யாரும் சொல்லல."

"வாங்கிக்கிட்டதா ஒப்புதல் இருக்கே?"

"கைநாட்டு சார். வையின்னாங்க, வச்சேன்."

ஏழுமலைக்கு வேலை போனது. சோதனைப் பிரிவு தன் கடமையைச் சரியாகச் செய்திருப்பதாக அறிக்கையில் ஒரு வரி எழுதினார்கள். காகிதம் வைத்திருந்தவர்கள் எல்லாரும் தங்கிவிட்டோம். கைநாட்டு வைத்தவர் ஒருவர்தான் கீழே விழுந்தார்.

இரண்டு வருடம் கழித்து தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் அவரைப் பார்த்தேன். வருகிறவர்களின் செருப்பை வாங்கி அடுக்கிவைத்துக்கொண்டிருந்தார். என் செருப்பை வாங்கக் கை நீட்டியவர் நிமிர்ந்து பார்த்து எழுந்து நின்றார்.

"அம்மா, சௌக்கியமா?"

என்ன பேசினேன் என்று நினைவில்லை. அவர் பேசியது நினைவிருக்கிறது. "அந்தப் பொண்ணு எப்பவும் என் கண்ணுல நிக்குதும்மா. நீங்க கழுவச் சொல்லி எழுதினத நான் யார்கிட்டன்னா குடுத்துப் படிச்சுக் கேட்டிருந்தா, அது இன்னிக்கு இருந்திருக்கும்."

சாரத்தின் கீழே அந்தக் குழந்தைகளைத் தானே வளர்த்தவர்போல அவர் பேசினார். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் கழுவியிருந்தாலும் பயனில்லை ஏழுமலை, என்று நான் சொல்லியிருக்கலாம். அவருடைய தூக்கத்தை அந்த ஒரு வாக்கியம் திருப்பித் தந்திருக்கும். சொன்னால் அடுத்த கேள்வி வரும். கடைக்குள் போய், வேண்டாத ஒரு துண்டுத் துணியை வாங்கிக்கொண்டு, அவர் கையால் எடுத்துவைத்த செருப்பை மாட்டிக்கொண்டு வந்தேன்.

உங்களுக்கு இதிலிருந்து ஒரு பாடம் எடுத்துத் தர வேண்டும் என்று எனக்குத் தெரியும். சல்லடைக்குக் கண்ணின் அளவு மட்டும்தான் தெரியும், மற்றதை நீங்கள்தான் பார்க்க வேண்டும், பார்த்ததைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்வது சுலபம். இது எனக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது என்பதுதான் உங்களிடம் சொல்ல வந்தது. தெரியாமல் செய்த தவறு ஒன்றுகூட இதில் இல்லை. தைரியம் எப்படி வரும் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

ஏழுமலையைப் பார்த்த மறு வாரம் தேசம்மாவைத் தேடிப் போனேன். பழைய குடியிருப்பை இடிக்கப்போவதாகச் சொல்லி, அங்கிருந்தவர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டிருந்தார்கள். இரண்டு பேருந்து மாறி, பொட்டலில் வரிசையாக நின்ற ஒற்றை மாடி வீடுகளில் விசாரித்துக் கண்டுபிடித்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். வாசலில் ஒரு கயிற்றுக் கட்டில், அதன்மேல் சுருட்டிய படுக்கை, மடித்த பள்ளிக்கூடச் சட்டை, விளக்கு. மழைக்குப் பழைய தார்ப்பாய் ஒன்றைக் கூரையாக இழுத்துக் கட்டியிருந்தாள். வீடு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு சாமானும் இல்லை.

"வாம்மா" என்றாள். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. மல்லிகா தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

"ஏன் தேசம்மா வெளியில இருக்கீங்க?"

"இது உள்ள படுக்க மாட்டேங்குது. எனுக்கும் தூக்கம் வராது. வந்து ஆறு மாசமா இப்டித்தான்." அவள் என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனாள். அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல்முறை. "நீயே வந்துட்ட. மேல பாரும்மா. இது நல்லாகீதா? நீ பாத்துச் சொன்னா பொண்ணு கேட்டுக்கும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த கூரை. அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எந்த மணல், யார் எடுத்தது, யார் கையெழுத்துப் போட்டது, ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மல்லிகா வாசற்படிவரை வந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

தேசம்மா வெளியே போய்ப் படுக்கையைத் தூக்கி வந்து, கூரைக்கு நேர் கீழே நடு அறையில் விரித்தாள்.